ஜவ்வரிசியின் பெட்டிக்கு வாசல் எந்தப் பக்கம்

அந்தப் படத்தை முதலில் பார்த்தது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு நான்தான் பார்த்தேன், நான்தான் பார்த்தேன் என்று மார்தட்டிக்கொண்டார்கள். போனில் வந்த ஒரு கறுப்புப் படம். கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு உருவம், மேலே வளைந்து, கீழே சப்பையாக. நடுவில் வட்டமாக ஒரு நிழல். அதற்குக் கீழே குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு லைட்டு. ‘உங்கள் பூனை போகட்டும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் வெளியீடு’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பூனைக் கக்கூஸ்! நான் போட்ட கத்தலில் என் வீட்டுக்காரர் தீனா வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். வலி கண்டுவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். ஐந்தாம் மாதத்தில் என்ன வலி?

ஒரு படத்துக்கா இத்தனை கூத்து என்று கேட்பீர்கள். ஜவ்வரிசி வீட்டில் இருப்பதா போவதா என்பது அந்தப் படத்தில்தான் இருந்தது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஜவ்வரிசி எங்கள் பூனை. ஆத்தூர் பக்கம் என் அப்பா வேலை பார்த்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே கிடைத்த வெள்ளைக் குட்டி. முந்தின தடவை எனக்குக் கரு கலைந்துபோனபோது அப்பா அதை ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துவந்து என் மடியில் விட்டார். நான் எழுந்திருக்க மனசில்லாமல் கிடந்த நாளெல்லாம் அது என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. வந்தவர் போனவர் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அது ஒன்றுதான் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் உயிர்.

எங்கள் வீடு நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில், தீனாவின் பட்டறைக்குப் பின்னால் இருக்கிறது. தீனாவும் அர்த்தநாரி அண்ணனும் கூட்டாக லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். முன்னால் எந்நேரமும் லாரி வந்துபோய்க்கொண்டே இருக்கும். பூனையை வெளியே விட்டால் திரும்பி வராது. அதனால் மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண் கொட்டி வைத்து, நான்தான் தினமும் அள்ளிச் சுத்தம் செய்வேன்.

இந்தத் தடவை உண்டானதும் டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார்: “பூனை இருக்கலாம், தப்பில்லை. ஆனா அந்த மண்ணை மட்டும் நீங்க தொடக் கூடாது. அதுல இருக்கற கிருமி வயித்துப் பிள்ளைக்கு ஆகாது.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் குப்பாயி அத்தைக்குக் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். ஆட்டோ ஏறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பூன நம்ம ராசப்பன் பண்ணைக்குப் போவட்டும். அங்க எலியாச்சும் புடிக்கும்.”

ராசப்பன் மாமா அத்தையின் தம்பி. புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பண்ணையைக் காக்க அவர் வளர்க்கும் நாய்களைப் பார்த்தால் எனக்கே குலை நடுங்கும். அங்கே போனால் ஜவ்வரிசி ஒரு நாள் தாங்காது. இது எனக்கும் தெரியும், தீனாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

“ஏங்க, நீங்க அள்ளிப் போட்டா என்னங்க?” என்று தீனாவிடம் கேட்டேன்.

அவர் கிரீஸில் புரளுகிறவர். செத்த எலியை எஞ்சினுக்கு அடியிலிருந்து கையால் உருவி எறிகிறவர். ஆனால் பூனை மண் மட்டும் அவருக்கு ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வீராப்பாகப் போனார், கரண்டியை உள்ளே விட்டார், வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மசக்கைக்காரி நானே வாந்தி எடுக்காமல் இருக்கிறேன், இவருக்கு என்ன வந்தது!

இந்த நிலைமையில்தான் அந்தக் கறுப்புப் படம் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குப் போய் அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினேன். யாருமே கை வைக்க வேண்டாம், மெஷினே அள்ளிக்கொள்ளும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அத்தை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

“செரி. அந்த மிசினு வந்துச்சுன்னா பூன இருக்கட்டும். வரலீன்னா பண்ணைக்குத்தான். அது வரைக்கும் நான் ஒண்ணும் பேசல.”

அது போதும் எனக்கு. அன்று மாலையே படம் பட்டறைக்குப் போய்விட்டது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் லாரி வரப்போகிறது என்றால் கம்பெனிக்காரன் இப்படித்தான் இருட்டில் எடுத்த ஒரு போட்டோவை மட்டும் விட்டு ஆசை காட்டுவான். வண்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்க இவர்களால் முடியாது. அர்த்தநாரி அண்ணன் சாக்பீஸை எடுத்து, ஷெட் தரையில் வண்டியை முழு அளவில் வரைந்துவிடுவார். டேங்க் எங்கே, பேட்டரி எங்கே, கதவு எத்தனை அகலம் என்று ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். தோற்றவன் எல்லாருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். இப்போது லாரி இருந்த இடத்தில் பூனைக் கக்கூஸ் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆர்வம் ஒரு இம்மி குறையவில்லை.

“இங்க பாரு தீனா, வெளிச்சத்தக் கூட்டு. இன்னும் கூட்டு. ஆங், நிறுத்து!” அர்த்தநாரி அண்ணன் போனைக் கண்ணுக்குள்ளேயே விட்டுக்கொள்கிற மாதிரி பார்த்தார். “செவப்பு லைட்டு தெரியுதா? அப்ப இது பின்னாடி.”

“பின்னாடியாண்ணா?” என்றேன்.

“பின்ன என்னங்க அம்மிணி? எந்த வண்டிக்காச்சும் முன்னாடி செவப்பு லைட்டு வெப்பானா? போட்டோவப் பின்னாலிருந்து எடுத்திருக்கறான். மொகத்தக் காட்டாம மறைக்கறானாமா, எங்ககிட்டயேவா!”

பட்டறை முழுக்க ஆமாம் போட்டது. நானும் போட்டேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் போட மாட்டார்கள்? சிவப்பு லைட்டு பின்பக்கம். அதனால் பூனை நுழைகிற வாசல், படத்தில் தெரியாத அந்தப் பக்கம். கீழே தெரிகிற கோடு அழுக்கு விழுகிற டிராயர், அது பின்னால். நடுவில் இருக்கிற வட்டம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

“ஸ்டெப்னி” என்றார் அர்த்தநாரி அண்ணன்.

“பூன கக்கூசுக்கு எதுக்குண்ணா ஸ்டெப்னி?”

“அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க. நாத்தம் போவோணுமல்ல? பேனு வெச்சிருப்பான், பேனு.”

உள்ளே அது எப்படி அள்ளும் என்பதில்தான் உண்மையான அடிதடி. அர்த்தநாரி அண்ணனுக்கு டிப்பர்: தரை அப்படியே ஒரு பக்கம் தூக்கும், சரக்கு டிராயரில் சரியும். தீனாவுக்குக் கான்கிரீட் கலவை வண்டி: உருளை முழுசாகச் சுற்றும், கட்டி தனி, மண் தனி. எனக்கு சேகோ ஆலைச் சல்லடை: குலுக்கக் குலுக்கச் சின்னது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். முட்டை கொடுக்க வந்த ராசப்பன் மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார்.

“எதுக்குடா இத்தன கூத்து? என்ர பண்ணைல கூண்டுக்கு அடியில பெல்ட்டு ஓடறதப் பாத்ததில்லயா? கோழி பாட்டுக்குப் போடும், பெல்ட்டு பாட்டுக்கு அள்ளீட்டுப் போயிரும். பூன என்ன, கோழிய விடப் பெரிய ஆளா?”

பண்ணையில் ஜவ்வரிசிக்காக நாய்கள் காத்திருக்கின்றன என்று எனக்கு அவர்மேல் உள்ளூர எரிச்சல் இருந்தது. ஆனால் அந்த பெல்ட் யோசனை நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய! நானும் சாக்பீஸை வாங்கி பெல்ட்டை வரைந்தேன். ‘உன் கூட சண்டை போட நான் ரெடி’ என்று தீனா அதன்மேல் உருளையை வரைந்தார். நான் உண்டானதிலிருந்து வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, காலைப் பார்த்து வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் எல்லாரும் மறந்துபோய்க் கத்தினோம். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வரைந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அர்த்தநாரி அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது.

“திடீர்னு மிசினக் கொண்டாந்து வெச்சா பூன மெரண்டுக்குமுங்க. இப்பவே இதே மாதிரி ஒண்ணு அடிச்சு வெச்சுப் பழக்கீருவோம்.”

லாரிக்குப் போடும் தகட்டிலேயே அடித்தார். முன்னால் பூனைக்கு வாசல், மேலே வளைந்த கூரை, பின்னால் உருவி எடுக்கிற மாதிரி மண் டிராயர், அதற்கு மேலே சிவப்பு லைட்டுகூட வைத்தார். மாடிப்படிக்கு அடியில் வைத்து, நான் தடுப்பதற்குள் தரையோடு நாலு போல்ட்டு முடுக்கியும்விட்டார். லாரி வந்து மோதினாலும் லாரிக்குத்தான் சேதம்.

“அண்ணா, டிராயர் செவுத்துப் பக்கம் போயிடுச்சே. யாரு உள்ள பூந்து எடுக்கறது?” என்றேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். நான் இருக்கிற இருப்புக்கு முடியாது.

“எடுக்கறதா? அதான் ஆட்டோமேட்டிக்குங்களே, அம்மிணி!”

“அது மெஷினு. இது வெறும் தகரம்ணா.”

“வர வரைக்குந்தான. சமாளிச்சுக்கலாமுங்க.”

ஜவ்வரிசி ஒரு நாள் முறைத்தது, மறுநாள் மோந்தது, மூன்றாம் நாள் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு ராஜா மாதிரி வெளியே வந்தது. நாங்கள் கை தட்டினோம். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

சமாளிப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது. காலையில் நான் எழுந்து பார்க்கும்போது பெட்டிக்குள் மண் சுத்தமாக இருக்கும். வாசலில் தீனாவின் துண்டு நனைந்து தொங்கும். ஒருநாள் வாந்தி எடுத்த மனுஷன், எனக்காக, என் பூனைக்காக, சத்தமில்லாமல் தினமும் அள்ளுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் விட்டுப் பாராட்டினால் மறுபடி குமட்டுமோ என்று அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குப் பதிலாகத் தினமும் அவருக்கு இரண்டு முட்டை எச்சாகப் போட்டு ஆம்லெட் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் சொக்கிப்போய்ச் சாப்பிட்டார்.

வெளியீட்டு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலையில் நேரலை. எனக்கு மத்தியானச் சோறே இறங்கவில்லை. நான் போனை டிவியோடு இணைத்தேன். அர்த்தநாரி அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ராசப்பன் மாமா இன்னொரு அட்டை முட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அத்தை சமையல்கட்டில் போண்டா சுட்டுக்கொண்டிருந்தார். ஜவ்வரிசி என் மடியில். அதன் நெஞ்சு அடிப்பதா என் நெஞ்சு அடிப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

திரையில் இருட்டு. பிறகு வெளிச்சம். மெஷின்!

வெள்ளை வெளேர் என்று, முட்டை மாதிரி வழவழப்பாக, மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. உள்ளே எப்படி என்று படம் போட்டுக் காட்டினான். உருளை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது, கட்டி தனி, மண் தனி. “கலவ வண்டி! நாஞ் சொன்னனல்ல, கலவ வண்டி!” என்று தீனா சோபாமேலேயே ஏறிக் குதித்தார். அர்த்தநாரி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “உள்ளார எங்கயாச்சும் பெல்ட்டு வெச்சிருப்பான், மூடி வெச்சிருக்கறான்” என்று ராசப்பன் மாமா விடவில்லை.

மெஷின் இன்னும் கொஞ்சம் திரும்பி, அந்தக் கறுப்புப் படத்தில் இருந்த மாதிரியே நின்றது. நடுவில் வட்டம். கீழே கோடு. ஓரத்தில் சிவப்பு லைட்டு. டிராயர் நிறைந்தால் எரியுமாம். எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை வந்து, அந்த வட்டத்துக்குள் ஒரே தாவு.

அது பேன் இல்லை. வாசல். நாங்கள் பின்பக்கம் என்று சத்தியம் செய்தது முன்பக்கம். ஒரு பெண் வந்து நின்று, வாசலுக்கு நேர் கீழே இருந்த டிராயரை முன்னால் இழுத்து, அலட்சியமாக எடுத்துக்கொண்டு போனாள்.

“அட நாசமாப் போறவனுங்களா! முன்னாலயாடா இருக்குது அது?”

எல்லாரும் திரும்பினோம். அத்தை போண்டா அரிக்கிற ஜாரணியைக் கையில் பிடித்தபடி சமையல்கட்டு வாசலில் நின்றார். முகம் சிவந்துவிட்டிருந்தது.

“செவுத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல பூந்து பூந்து என்ர முட்டியே களண்டு போச்சு! முதுகெல்லாம் சிராய்ப்பு! பின்னாடி, பின்னாடின்னு அத்தன சத்தம் போட்டயே அர்த்தநாரி, முன்னால வெச்சுத் தொலச்சிருந்தா என்ன?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீங்க எதுக்குங்க அத்தை அங்க பூந்தீங்க?”

“எதுக்கா? அது என்ன, தானாப் போயிருச்சுன்னு நெனச்சீங்களா எல்லாரும்?”

நான் தீனாவைப் பார்த்தேன். தீனா சோபாவிலிருந்து மெல்ல இறங்கினார்.

“ஏங்க, நீங்க அள்ளலையா?”

“நானா? நீ செல்லியம்மாள அள்ளச் சொல்லீட்டயாட்ட இருக்குதுன்னு இருந்தேன்.” செல்லியம்மாள் பாத்திரம் தேய்க்க வருகிறவர். பூனை இருக்கிற பக்கமே தலை வைக்க மாட்டார்.

“அப்ப தெனமும் நான் போட்ட ஆம்லெட்டு?”

“மாசமா இருக்கறதுல எம்மேல பாசம் பொங்குதாக்கும்னு…”

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது. அவருடைய துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, நான் எழுவதற்கு முன்னால் எழுந்து, அத்தைதான் அந்தச் சந்துக்குள் நுழைந்திருக்கிறார். நாங்கள் டிப்பரா உருளையா பெல்ட்டா என்று தரையில் புரண்டு சண்டை போட்ட நாளெல்லாம்.

“உங்களுக்குத்தான் பூனையே ஆகாதேங்க அத்தை. ஏன் பண்ணுனீங்க?”

“பூனைக்கா பண்ணுனேன்? நீ ஆத்திரக்காரி. இவனும் அள்ள மாட்டான், நாத்தம் பொறுக்க மாட்டாம நீயே போயிக் கைய வெச்சுருவ. போன தடவ பட்டது பத்தாதா, கண்ணு? நீ கண்ண முழிக்கறதுக்குள்ள அள்ளிப் போட்டுட்டா, அந்தப் பக்கமே போவ மாட்டயல்ல?”

அந்த நேரம் பார்த்து டிவிக்காரன் எந்தெந்த நாட்டுக்கு எப்போது என்று பட்டியல் போட்டான். இந்தியாவுக்கு அடுத்த வருஷக் கடைசியில். அதற்குள் என் பிள்ளை நடந்தே விடும்.

ராசப்பன் மாமா தொண்டையைச் செருமினார். “அப்ப… நான் போறப்பப் பூனையக் கூட்டீட்டுப் போயிரட்டாக்கா?”

நான் ஜவ்வரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண்ணீர் கொட்டியது. அத்தை ஜாரணியாலேயே தம்பியைக் காட்டினார்.

“போண்டாவத் தின்னுட்டு ஊடு போய்ச் சேரு நீ. பூனையக் கூட்டீட்டுப் போறானாமா! வெடியால நான் எந்திரிச்சு வந்தா அது எனக்கு முன்னால அங்க வந்து குக்கீட்டிருக்குது. அதக் கொண்டி உன்ர நாய்களுக்குப் போடவா?”

தீனா எழுந்தார். நாளையிலிருந்து நான்தான் அள்ளுவேன் என்று, சத்தியம் செய்கிற முகத்தோடு மாடிப்படியைப் பார்த்துப் போனார். குனிந்தார். அவருக்குத் தொண்டையில் உருண்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

“வந்துரு சாமி, வந்துரு! அப்பறம் அதையும் நாந்தான் அள்ளோணும்” என்றார் அத்தை. தினமும் காலையில் அத்தைக்கு ஆம்லெட் ஊற்றுகிற வேலையை நான் தீனாவுக்கு ஒதுக்கினேன். அவர் தலையாட்டினார்.

அர்த்தநாரி அண்ணன் அதற்குள் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துவிட்டார். கண்ணில் பழைய பளபளப்பு திரும்பியிருந்தது. “நாளைக்கே போல்ட்டக் கழட்டிப் புதுசா அடிச்சுர்றனுங்க பெரீம்மா. டிராயர் முன்னால. வாசல் எங்க வேணும், எத்தன அகலம், சொல்லுங்க. இந்தத் தடவ நீங்க சொல்றதுதான் டிசைனு.”

அத்தை ஜாரணியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு நடுவில் வந்து நிமிர்ந்து நின்றார். கையை இடுப்புக்கு நேராக நீட்டிக் காட்டினார்.

“எனக்கு அகலமெல்லாந் தெரியாது. குனியாம எடுக்கோணும். டிராயர் இந்த ஒசரத்துல இருக்கட்டும்.”

அண்ணன் மண்டியிட்டு, தரையிலிருந்து அத்தையின் கை வரைக்கும் டேப்பைப் பிடித்தார். பிடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இத்தன ஒசரத்துக்குப் பூன எப்படீங்க ஏறும்?”

“படி வெய்யி. அதுக்கு முட்டி நல்லாத்தான இருக்குது.”